சுவிட்ச் நடுவில்

பிற்பகல் வெயில் மேசையில் விழுந்து கிடக்கும் ரிப்பேர் கடையில், அக்காவும் தங்கையும் சேர்ந்து வாங்கிய எலெக்ட்ரிக் கிதார் மல்லாந்திருக்கிறது. தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்புகள் இரண்டும் புதிது. கழுத்துப் பக்கம் இருப்பது அக்காவின் தேர்வு, தந்திகள் வந்து முடியும் பிரிட்ஜ் பக்கம் இருப்பது தங்கையின் அடம். மூன்று வாரச் சண்டைக்குப் பிறகு ஆளுக்கொன்று என்று முடிவானது. மாலையில் மேடை ஏற வேண்டும். மெக்கானிக் தந்தியை மீட்டுகிறார். கழுத்துப் பிக்கப் கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல் கதகதப்பாக ஒலிக்கிறது. அக்காவின் புருவம் உயர்கிறது. சுவிட்சைத் தள்ளுகிறார். பிரிட்ஜ் பிக்கப் வெடுக்கென்று பதில் சொல்கிறது, தங்கை சிரிக்கிறாள். இரண்டும் சேர்ந்து ஒலிக்க, சுவிட்சை நடுவில் நிறுத்துகிறார். தகர டப்பாவுக்குள் யாரோ முணுமுணுப்பதுபோல் ஒரு சோகைச் சத்தம்.

“என்னண்ணே, தனித்தனியா நல்லாத்தானே இருந்துச்சு?” என்கிறாள் தங்கை. “இப்பவும் நல்லாத்தான் இருக்கு. சேர்த்துவெச்சா ஒண்ணு தள்ளுது, இன்னொண்ணு இழுக்குது. ஏதாவது ஒண்ணுல மட்டும் ரெண்டு ஒயரையும் இடம் மாத்திப் பத்தவெச்சா சரியாயிடும். யாரோடதை மாத்தட்டும்?” என்கிறார் மெக்கானிக். “என்னோடதை,” என்கிறாள் அக்கா. அதே நொடியில் தங்கையும், “என்னோடதை.” இருவரும் திரும்பி ஒருவரையொருவர் வெறிக்கிறார்கள். சண்டை போட்டே பழகிய முகங்களுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. சால்டரிங் அயர்னின் நுனியிலிருந்து புகை நூலாக எழுகிறது. அதைக் கையில் பிடித்தபடி மெக்கானிக் இவளைப் பார்க்கிறார், அவளைப் பார்க்கிறார். “ரெண்டையும் மாத்தினா மறுபடியும் இதே சத்தம்தாம்மா வரும்.”