கதவில் மாட்டிய வளையம்

மாட்டிவிட்டு, நேராக இருக்கிறதா என்று பார்க்க அவள் தெருவரை இறங்கிப் போனாள்.

திரும்பிப் பார்த்தாள்.

கதவின் நடுவே வட்டமாகப் பூக்கள். மஞ்சள் டாஃபடில், இடையிடையே வெள்ளைக் கார்னேஷன். குறுக்கே வெள்ளை ரிப்பன். ரிப்பனில் அவளே ஜிகினாப் பேனாவால் எழுதிய பெயர்.

மூர்த்தி.

காலையிலிருந்து சாப்பாட்டு மேஜையில் படுக்க வைத்துத்தான் கட்டினாள். அப்போது அது குச்சியும் பூவுமாக இருந்தது. நிமிர்ந்து நின்றதும் வேறொன்றாகிவிட்டது.

மலர்வளையம்.

இந்த ஊரில் பனி உருகத் தொடங்கியதும் கதவுக்குக் கதவு ஒன்று தொங்கும். வசந்தம் வந்துவிட்டது என்று அர்த்தம். எதிர்வீட்டு டெபிதான் வில்லோ மரக் குச்சியை வளைத்துக் கட்டச் சொல்லிக்கொடுத்தாள். நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து கணவன் மூர்த்தி வீடு திரும்பும்போது வாசல் அழகாக இருக்கட்டுமே என்றாள். இவளுக்கும் கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. ஒரு வேலை கிடைத்ததே என்று உட்கார்ந்துவிட்டாள்.

பார்த்துப் பார்த்துக் கண் பழகிப்போயிருக்கிறது. புத்தி எங்கே மேயப் போனது?

அத்தைக்குக் கண் பழகவில்லை. மகனுக்கு ஆபரேஷன் என்று கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்த அன்று, காரை விட்டு இறங்காமலே தெருவை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏங்கண்ணு, இந்தத் தெருவுல எல்லா ஊட்லயும் எழவா?"

அன்றைக்கு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மூர்த்தியும் சிரித்தான், நெஞ்சைப் பிடித்துக்கொண்டே.

போன் ஒலித்தது. காரோட்டி வரும் நண்பரின் செய்தி. பாலத்தைத் தாண்டிவிட்டார்கள்.

ஓடினாள்.

ரிப்பனை முதலில் பிய்த்தாள். கோட்டுப் பைக்குள் திணித்தாள். காற்றுக்கு விழக்கூடாது என்று கம்பியை இறுக்கி முறுக்கியது அவள்தான். இப்போது நகம் உடைந்ததே தவிர முறுக்கு அவிழவில்லை. ஓங்கி இழுத்தாள். வளையம் கையோடு வந்தது.

எங்கே வைப்பது? குப்பைத்தொட்டி வாசலிலேயே இருக்கிறது. அவனுக்காகக் கட்டியதைக் குப்பையில் போடுவதா? அதை நினைக்கவே பயமாக இருந்தது.

கதவை மொட்டையாக விடவும் முடியாது. காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து அத்தை பேசியிருந்தார். "ஆரத்தி கரைச்சு வெய்யி கண்ணு. வாசல்ல ஒரு தோரணம் கட்டு. மாவெலைக்கு இந்த ஊர்ல எங்க போவ, இருக்கறதக் கட்டு."

ஆரத்தித் தட்டு படியோரம் தயாராக இருந்தது.

அப்பாவின் காலடியில் இதே போல் ஒன்று சாய்த்து வைத்திருந்தார்கள். அவர் வேலை பார்த்த மில்லிலிருந்து வந்தது. குறுக்கே ரிப்பன். அவள் பள்ளிக்கூடச் சீருடையில் நின்று அந்த எழுத்துகளைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் இருக்க வேறு வழி தெரியவில்லை.

செடி வெட்டும் கத்தரியை எடுத்தாள்.

எதிர்வீட்டு ஜன்னலில் டெபி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். கத்தரியைப் பார்த்ததும் விரலை மெல்ல இறக்கிக்கொண்டாள். அவளுக்கு நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

ஒரே வெட்டு.

வட்டம் வாய் பிளந்தது. இரண்டு முனையையும் பிடித்து இழுத்து நீட்டினாள். நீண்டது. தோரணம்தான். பூ வைத்த தோரணம்.

நிலைக்கு மேலே வைத்தாள். வாடகை வீடு, ஆணி கிடையாது. டேப்பை ஒட்டினாள். ஈரக் குளிரில் டேப் பிடிக்கவில்லை. ஒரு முனை கழன்றது. குச்சி சுருண்டு பழையபடி வட்டமானது.

மறுபடி நீட்டினாள். மறுபடி சுருண்டது.

இரவெல்லாம் தண்ணீரில் ஊறி, பகலெல்லாம் வளைந்து கிடந்த குச்சி. அதற்கு வேறு என்ன தெரியும்?

கார் திரும்பும் சத்தம் கேட்டது.

அவள் வாசற்படியில் ஏறி நின்றாள். முனைக்கு ஒரு கையாகப் பிடித்து, தலைக்கு மேல் விரித்துத் தூக்கினாள். பூக்கள் தலையிலும் தோளிலும் உதிர்ந்தன.

மூர்த்தி இறங்கினான். இளைத்திருந்தான். இருமினால் தையல் வலிக்கும் என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த சிவப்புத் தலையணையை நெஞ்சோடு அணைத்திருந்தான். அவளைப் பார்த்து நின்றான்.

"என்ன கோலம் இது?"

அவள் கையை இன்னும் உயர்த்தினாள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவாள்.

அத்தை பின்னால் வந்தார். தோரணத்தைப் பார்த்தார். கீழே உதிர்ந்து கிடந்த பூக்களைப் பார்த்தார். கதவில் இன்னும் தொங்கிய கம்பியைப் பார்த்தார். பிறகு தெருவின் மற்றக் கதவுகளை ஒரு முறை பார்த்தார்.

படியேறி வந்தார்.

"அந்த மொனைய இங்க குடு கண்ணு."

ஒரு முனையை வாங்கிக்கொண்டார். குள்ளமான உடம்பு. எக்கி நின்று பிடித்தார். குச்சி நேரானது.

"சோத்தாங்கால எடுத்து வெய்யி சாமி."

மூர்த்தி தலையணையோடு குனிந்து, அவர்களுக்கு நடுவே புகுந்து உள்ளே போனான். ஆரத்தித் தட்டு கீழே அப்படியே இருந்தது.

உள்ளே சோபா முனகியது.

"ரெண்டு பேரும் உள்ள வாங்க. குளுருது."

அவள் கை வலித்தது. இறக்கவில்லை. அத்தையும் இறக்கவில்லை. விட்டால் மறுபடி வளையமாகச் சுருண்டுவிடும்.

அத்தையின் கண் அவள் கோட்டுப் பையில் நின்றது. வெள்ளை ரிப்பன் ஒரு விரல் நீளம் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. ஜிகினாவில் முதலெழுத்து தெரிந்தது.

அத்தை மறுகையால் அதை உள்ளே தள்ளினார். ஆழமாகத் தள்ளினார். பையின் பொத்தானைப் போட்டுவிட்டார்.

"கெட்டியாப் புடி," என்றார்.