செந்தலை வாத்து

நான்கு வருடம் காத்திருந்து வாங்கிய பைனாகுலரைப் பரிமளா டீச்சர் யாரிடமும் கொடுத்ததில்லை. தன் கண்ணுக்குத் தக்கபடி அதன் திருகைத் திருகி, அது நகராமல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள். வழிதவறி ஏரிக்கு வந்திருந்த செந்தலை வாத்தைப் பார்க்கத்தான் இன்றைய படகுப் பயணம்.

"அந்தா, கோரைப் பக்கம். மோட்டார் படகு வந்தா பறந்துரும், சீக்கிரம் பாருங்க டீச்சர்" என்றார் படகோட்டி சூசை.

"நீங்க பாத்தீங்களாண்ணே?"

"இருபது வருஷமா ஊருக்கே காட்டுறேன். எனக்கு எல்லாம் வெறும் புள்ளிதான்."

டீச்சர் பிளாஸ்திரியை உரித்து, பைனாகுலரை அவர் கழுத்தில் மாட்டினாள். "தெளியிற வரைக்கும் திருகுங்க."

தூரத்தில் மோட்டார் சத்தம் கேட்டது.

"டீச்சர், அதுக்குக் கண்ணு சிவப்பு."

வாத்தைத் தான் பார்ப்பதைக் கடவுளிடம் விட்டுவிட்டு, டீச்சர் கையை மடியில் வைத்துக்கொண்டாள். "மூக்கு என்ன நிறம்ணே?"