உதடு படாத டம்ளர்

கடை கடையாய் ஏறி இறங்கி, என் மருமகள் யாழிசை இந்தக் காபி இயந்திரத்தை வாங்கி வந்தாள். டம்ளரில் உதடு பட்டால் போதும். ஆளைத் தெரிந்துகொண்டு, மறுநாளிலிருந்து அவரவர் ருசிக்குத் தானே கலந்து வைத்துவிடும்.

நானோ விவரம் தெரிந்த நாளிலிருந்து டம்ளரைத் தூக்கி அண்ணாந்து குடிப்பவன். வாய் வைத்து எச்சில் பண்ணுவது எனக்கு ஆகவே ஆகாது. முதல் வாரம் இயந்திரம் மூன்று டம்ளர் வைத்தது. மூன்றாவதில் உதடே படவில்லை என்றதும், வீட்டில் இரண்டு பேர்தான் என்று முடிவு கட்டிக்கொண்டது. அதற்குமேல் எனக்கு ஒரு சொட்டுகூடத் தரவில்லை.

"பழைய ஃபில்டர் எங்கேம்மா?"

"அதை எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துட்டேனே மாமா. ஒரே ஒரு தடவை வாய் வச்சுக் குடிச்சிடுங்களேன்."

ஊர் வீட்டை விற்றுவிட்டு மகனோடு இருக்க வந்தவன், எவ்வளவுதான் முறுக்கிக்கொள்ள முடியும்? தலைவலி மண்டையைப் பிளந்தது. இன்று காலை கண்ணை மூடிக்கொண்டு காலி டம்ளரை உதட்டில் வைத்தேன்.

இயந்திரம் உடனே விழித்துக்கொண்டது. "வாங்க, வாங்க! புதுசா வந்திருக்கீங்க. எத்தனை நாள் தங்குவீங்க?"

நான் மகனைப் பார்த்தேன். அவன் யாழிசையைப் பார்த்தான். அவள் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"சொன்னீங்கன்னா காபி கலந்துடுவேன்" என்றது இயந்திரம்.

யாராவது சொல்வார்கள் என்று டம்ளரோடு நின்றுகொண்டே இருந்தேன்.