கூரை சொட்டும் பக்கம்

“அந்தக் கோஸ் பாத்தியில மண்வெட்டி பட்டுச்சுன்னா இன்னிக்கு உங்க யாருக்கும் அவரை சூப் கிடையாது, சொல்லிட்டேன்!”

வாசற்படியில் நின்று கத்தினாள் கார்பிஞே. எழுபதை நெருங்கியும் குரல் மலைக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது.

ஓய்ஹான் குழியிலிருந்து தலையை நீட்டினான். பழங்கால உழவர் வீடுகளைத் தோண்டி ஆராய்வது அவன் வேலை. இந்த பாஸ்க் மலைக்கிராமத்தில், அவள் வீட்டு வடக்குச் சுவரை ஒட்டி மூன்று வாரமாக ஆட்களோடு தோண்டுகிறான். அனுமதி நாளையோடு முடிகிறது. மிச்சமிருந்த இரண்டு மீட்டரில்தான் அந்தப் பாத்தி இருந்தது.

“நீங்களும் பறிக்க மாட்டீங்க, எங்களையும் தொட விட மாட்டீங்க. முத்திப் பூத்தே போச்சும்மா!”

“என் கோஸ், என் இஷ்டம்.”

“கஞ்சத்தனம்! மூணு பக்கமும் கூரை ஓரத்துல மழைத்தண்ணி சொட்டாம இருக்கத் தகரம் அடிச்சிருக்கீங்க. இந்தப் பக்கம் மட்டும் விட்டுட்டீங்க. சுவரெல்லாம் பாசி.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஓய்ஹான் கெஞ்சலுக்கு இறங்கினான். “என்ன கிடைச்சிருக்குன்னு ஒரு தடவை வந்து பாருங்கம்மா. அப்புறம் நீங்களே தோண்டச் சொல்வீங்க.”

தயங்கித் தயங்கி வந்தாள். சுவரோரம் வரிசையாக ஏழு கறுத்த ஓடுகள். ஒவ்வொன்றின் அடியிலும் விரல் நீள எலும்புகள்.

“பச்சைப் பிள்ளைங்க. எண்ணூறு வருஷம் இருக்கும். ஞானஸ்நானம் ஆகாம செத்தா கல்லறைத் தோட்டத்துல இடம் கிடையாதே. அதான் கூரைத் தண்ணி சொட்டுற இடத்துல புதைச்சிருக்காங்க. பாதிரியார் ஊத்தாத தண்ணிய மழையாவது ஊத்தட்டும்னு.”

அவள் குனிந்து ஓடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“பாவம், பேர்கூட இல்லாம போயிடுச்சுங்க.”

“இல்லைன்னு உனக்கு யார் சொன்னது?” சுள்ளென்று விழுந்தாள்.

“எந்த ஏட்டுலயும் இருக்காதேம்மா.”

“பெத்தவளுக்குத் தெரியும்.”

ஓய்ஹான் பார்வையைக் குழிக்குள் தாழ்த்தினான். இருந்தாலும் நாளைய கெடு அவனை விடவில்லை. “வரிசை பாத்திக்குள்ள போகுதும்மா. அங்கேயும் ஒண்ணு ரெண்டு இருக்கும்.”

“ஒண்ணுதான் இருக்கு.”

கார்பிஞே பாத்தியருகே மண்டியிட்டு, ஒரு கோஸின் அடியில் மண்ணை விரலால் விலக்கினாள். ஓடு தெரிந்தது. கறுப்பு இல்லை. தலைக்கு மேலே கூரையில் இருந்த அதே சிவப்பு ஓடு.

“பாதிரியார் மலையேறி வர்றதுக்குள்ள என் மிகேலுக்கு மூச்சு நின்னுபோச்சு, தம்பி” என்றாள். “அதான் இந்தப் பக்கம் தகரம் அடிக்கல.”