பரியாரியார் வீட்டுப் பிள்ளைகள்

மாலை கழுத்தில் விழுந்ததும் உருத்திரமூர்த்தியின் கண்கள் கலங்கிவிட்டன. முப்பத்துமூன்று வருடம் கழித்து ஊர்ச் சனத்தைக் கண்ட சந்தோஷம் என்று மண்டபமே கைதட்டியது. அவரோ வெளியே போகும் கதவு எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருந்தார்.

சுவிஸின் ஆராவ் நகரில் விளாத்தியடி ஊர் ஒன்றியத்தின் ஒன்றுகூடல். ஐரோப்பா முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஊர்க்காரர் முந்நூறு பேர் வந்திருந்தார்கள். லா ஷோ-து-ஃபோன் என்ற ஊரில் மணிக்கூட்டுத் தொழிற்சாலை உண்டு, தான் உண்டு என்று கிடந்த மனிதரை, ‘சர்ப்ரைஸ்’ என்று சொல்லி ரயிலேற்றி இழுத்து வந்தவள் மகள் அக்‌ஷயா. எங்கே வந்திருக்கிறோம் என்பது, வாசல் பதாகையைப் படித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

“என்னப்பா, இப்பிடி வேர்க்குது?”

“ஹீட்டரைக் கூட்டி வைச்சிருக்கினம் போல. ஒருக்கா வெளியில போட்டு வாறன்.”

“இப்ப எழும்பாதேங்கோ. தலைவர் உங்களைத்தான் மேடைக்குக் கூப்பிடப் போறார்.”

முன்வரிசையில் நட்டநடு இருக்கை. வலப்பக்கம் மகள் கையைப் பிடித்திருந்தாள், இடப்பக்கம் ஒன்றியத் தலைவர் சுபேசன் முழங்காலில் தட்டித் தட்டிக் கதைத்தார். பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி அவர் அசையாமல் இருந்தார்.

காலையிலிருந்து, யாருடைய பிள்ளை என்ற ஒரே கேள்விதான். “நீங்கள் ஆற்றை மகன்?” பரியாரியார் வீடு என்றார். நல்லவேளையாக, வைத்தியம் பார்த்த பரியாரியாரின் குடும்பம் எண்பத்தேழிலேயே ஊரைவிட்டு இடம்பெயர்ந்து போனது. பிள்ளைகளின் முகம் ஞாபகமுள்ளவர்கள் யாரும் மண்டபத்தில் இல்லை.

உண்மையைச் சொல்லிவிடுவோம். அவர் உருத்திரமூர்த்தியே இல்லை. மன்னார்க் கரையில் பிறந்த யேசுதாசன். விளாத்தியடி கிழக்கா மேற்கா என்றுகூட அவருக்குத் தெரியாது.

அவருடைய பத்திரங்கள் வீட்டோடு எரிந்துபோயிருந்தன. கொழும்பு லொட்ஜில், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் ஒரு பொலித்தீன் பைக்குள் கைவிட்டு, இருந்த பிறப்புச் சான்றிதழ்களில் ஒன்றை உருவிக் கொடுத்தான். “இனி உன்ரை பேர் இதுதான். தகப்பன், தகப்பன்ரை தொழில், தாய், ஊர் எல்லாம் பாடமாக்கு.” பாடமாக்கினார். அகதி விசாரணையில் சொன்ன அந்தப் பெயர் வதிவிட அனுமதியில் ஏறியது, கலியாணப் பதிவில் ஏறியது, கடைசியில் சுவிஸ் பாஸ்போர்ட்டிலும் ஏறியது. மகளுக்கு ஒன்றும் தெரியாது. காலையில் விழாத் தொடக்கத்தில் தேவாரம் பாடும்போது நெற்றிக்குப் போன கையைச் சிலுவை போடாமல் தடுக்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

சுபேசன் மைக்கைப் பிடித்தார்.

“பரியாரியாரின்ரை மகன் மூர்த்தி அண்ணையை மேடைக்கு அழைக்கிறன். அண்ணை, உங்கடை மகள் ஒன்றியத்துக்கு அனுப்பின பதிவுப் படிவத்தைப் பார்த்தவுடன எனக்கு மயிர் கூச்செறிஞ்சு போச்சு. ஏனெண்டால் அதே தகப்பன் பேரோட ஷாஃப்ஹவுசனிலயிருந்து இன்னொரு படிவமும் வந்தது. பிரிஞ்ச சகோதரங்கள் ஒரே நாட்டில, ஒருத்தரை ஒருத்தர் தெரியாமல் இருந்திருக்கினம். உங்கடை தங்கச்சி சிவகலா இந்த மண்டபத்துக்குள்ளதான் இருக்கிறா!”

மண்டபம் அதிர்ந்தது. மகள் எழுப்பிவிட, அவர் மேடைக்கு ஏறியிருந்தார். ஊரை ஏமாற்றலாம், அரசாங்கத்தை ஏமாற்றலாம், கூடப்பிறந்தவளை எப்படி ஏமாற்றுவது? “இது என்ரை அண்ணை இல்லை” என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாஸ்போர்ட் போகட்டும், மகளின் முகத்தில் எப்படி முழிப்பது?

நாலாவது வரிசையில் இருந்த பெண் உடனே எழும்பவில்லை. குளிர் கோட்டைக்கூடக் கழற்றாமல், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி மேடையைப் பார்த்தாள், பிறகு கதவைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த மகன்தான் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான். அங்கிருந்தே கண்டுபிடித்துவிட்டாள் என்று யேசுதாசனுக்குப் பட்டது.

படியேறி வந்து அவர் முன்னால் நின்றாள். அவருடைய முகத்தையே கண்வெட்டாமல் பார்த்தாள்.

“அண்ணை!” என்று அலறிக்கொண்டு அவர் தோளில் விழுந்தாள்.

முந்நூறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சுபேசன் மைக்கோடு விம்மினார். அக்‌ஷயா ஒரு கையால் கண்ணைத் துடைத்து, மறுகையால் வீடியோ எடுத்தாள்.

தப்பினோம் என்று அவரால் சந்தோஷப்பட முடியவில்லை. சின்ன வயதில் பிரிந்தவள் போலிருக்கிறது, அண்ணன் முகமே மறந்திருக்கிறாள். அந்த அண்ணன் எங்கே செத்தானோ, எங்கே இருக்கிறானோ? எவனோ ஒருவனின் தோளில் சாய்ந்து பாவம் இப்படி நடுங்குகிறாளே என்று நினைக்க, இவ்வளவு நேரம் இருந்த பயத்தை வெட்கம் தின்றுவிட்டது. வருவது வரட்டும் என்று அவள் காதருகே குனிந்தார்.

“தங்கச்சி, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் உங்கடை அண்ணை இல்லை.”

அவளுடைய அழுகை சட்டென்று நின்றது. தோளிலிருந்து முகத்தை எடுக்காமல், அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

“கையை விட்டிடாதேங்கோ, எல்லாரும் பாக்கினம். நானும் சிவகலா இல்லை.”