இழுத்துப் போட்ட ஹேண்ட் பிரேக்

“இந்த வண்டியை இப்படிப் போட்டு வெச்ச புண்ணியவான் யாரும்மா?”

காரின் பின்சக்கரத்தடியில் படுத்திருந்த மெக்கானிக்கின் குரல் மட்டும் வெளியே வந்தது.

“ஏண்ணே, என்னாச்சு?” மருமகள் குனிந்து பார்த்தாள்.

“ஹேண்ட் பிரேக்கை மொத்தமா இழுத்துப் போட்டிருக்காங்க. அப்படியே நின்னு நின்னு பிரேக் ஷூ போய் டிரம்மோட ஒட்டித் துருப்பிடிச்சுக் கிடக்கு. சக்கரம் அசைய மாட்டேங்குது. நாளைக்கு ஆர்.டி.ஓ. இன்ஸ்பெக்‌ஷன்னு சொல்றீங்க, இது கேட்டைத் தாண்டினாலே பெரிசு!”

“வேற யாரு? எங்க மாமாதான்.”

மெக்கானிக் தலையை வெளியே நீட்டினார். “யாரு, ஐயாவா? காலமெல்லாம் பஸ் ஓட்டின மனுஷனாச்சே! ரொம்ப நாள் நிக்கிற வண்டிக்கு ஹேண்ட் பிரேக் போடாதே, கியர்ல போட்டு சக்கரத்துக்குக் கல்லு வையின்னு தெருவுக்கே சொல்றவராச்சே!”

“அதெல்லாம் ஊருக்குத்தான்ணே.”

அவளுக்கு ஆற்றாமை. புருஷன் வெளிநாட்டு வேலைக்குப் போனதிலிருந்து கார் ஷெட்டை விட்டு நகரவில்லை. அவளும் டிரைவிங் கற்று லைசென்ஸ் வாங்கிவிட்டாள். ஆஸ்பத்திரி லேபில் வேலை. பஸ் மாறி, நசுங்கி, வீடு வந்து சேர்வதற்குள் மகள் தாத்தா மடியில் தூங்கிப் போயிருப்பாள். அம்மாவுக்கு மிஞ்சுவது தூங்குகிற முகம்தான்.

கார் சாவியைக் கேட்டால் மாமனாரிடமிருந்து ஒரே பதில்தான்.

“அது அவன் வண்டிம்மா. இருக்கட்டும்.”

தினமும் காலையில் ஈரத்துணியால் மேலே துடைப்பார். கதவை மட்டும் திறக்கவே மாட்டார்.

“மருமக கைக்கு ஸ்டியரிங் போயிட்டா மாமனார் கௌரவம் என்னாகிறது?” என்று பக்கத்து வீட்டு அக்கா கிண்டலடித்தபோது, இவள் சும்மா சிரித்து வைத்தாள். ஆனால் உள்ளுக்குள் ஆமாம் போட்டாள்.

இந்த முறை இன்ஸ்பெக்‌ஷனில் தேறாவிட்டால் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான். வேறு வழி தெரியாமல் ஒரு பொய்யை எடுத்துவிட்டாள்.

“மாமா, உங்க பிள்ளை அடுத்த மாசம் வர்றாராம். ஏர்போர்ட் போக வண்டி தயாரா இருக்க வேணாமா?”

உண்மையில், கான்ட்ராக்டை நீட்டித்துவிட்டேன், இப்போதைக்கு வர முடியாது என்று அவன் போனில் சொல்லிச் சில நாள்தான் ஆகியிருந்தது. அன்றைக்குக் குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அழுதவள், மாமனாரிடம் மூச்சுவிடவில்லை.

மாமனார் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சாவியைக் கொண்டுவந்து கையில் வைத்தார். இன்று மெக்கானிக் வந்ததும் பக்கத்தில் நிற்கக்கூட இல்லை. “தெருமுனை வரைக்கும் போயிட்டு வரேன்” என்று நழுவிவிட்டார்.

“பாத்தீங்களாண்ணே, பிள்ளை வர்றான்னா சாவி வருது. மருமக கேட்டா வராது!”

“சரி சரி, உள்ள போய் ஹேண்ட் பிரேக்கை இறக்குங்க.”

ஒரு கையால் முடியவில்லை. இரண்டு கையையும் கொடுத்துத்தான் இறக்கினாள். மெக்கானிக் சுத்தியலால் டிரம்மைச் சுற்றிச் சுற்றித் தட்டினார். கடைசியில் ‘சடக்’கென்று ஒரு சத்தம். சக்கரம் சுழன்றது.

புது ஷூ மாட்டி ஓட்டிப் பார்த்தால், பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. அதையும் சரிசெய்துவிட்டுத்தான் மெக்கானிக் கிளம்பினார்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் பிரேக்கை ஓங்கி மிதித்தார். கார் கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வீடு திரும்பியபோது மாமனார் கேட்டருகில் காத்திருந்தார்.

“தேறிடுச்சு மாமா!”

“நல்லதும்மா.” அவர் பார்வை கார் ஜன்னல் வழியாக உள்ளே போய், இறங்கிக் கிடந்த ஹேண்ட் பிரேக்கில் நின்றது.

“அப்படியா இழுத்துப் போடுவீங்க? மெக்கானிக் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துட்டாரு. நிக்கிற வண்டிக்குப் போடக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா மாமா?”

“தெரியும்மா. அவனைப் பிளைட் ஏத்திவிட்டுட்டு வந்து நிறுத்தினப்போ இழுத்தது. இனிமே இதை இறக்கினா, அவனைக் கூட்டிட்டு வரத்தான் இறக்கணும்னு ஒரு கிறுக்கு.” லேசாகச் சிரித்தார். “துருப்பிடிக்கும்னு தெரியும். அதுக்குள்ள வந்துடுவான்னு நெனச்சேன்.”

அவள் கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது. நேற்று அதை இறக்கிய கை.

“மாமா... அடுத்த மாசம்னு நான் சொன்னது...”

“வரமாட்டான். எனக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டான். உன்கிட்ட அதை எப்படிப் பேசறதுன்னு தெரியாம இருந்தேன்.”

“தெரிஞ்சுமா சாவியைக் கொடுத்தீங்க?”

“நீ சீக்கிரம் வந்தா குழந்தை முழிச்சிருப்பா இல்ல?”

தோளில் கிடந்த துண்டை எடுத்து, தூசியே இல்லாத கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

“அதோட... பொய்தான்னாலும், அவன் வர்றான்னு நீ சொன்னப்போ காதுக்கு நல்லா இருந்துச்சும்மா.”