தங்கையன் பேரில் ஒரு குறட்டை

போன வாரம் ஐந்து ராத்திரியும் யாரோ ஒருவன் தன் வீட்டுக்குள் வந்து, குறட்டை விட்டுத் தூங்கிவிட்டு, விடிவதற்குள் போய்விட்டான் என்று அம்சவல்லி டாக்டரிடம் புகார் சொன்னாள்.

அவள் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்த டாக்டர் கனிமொழி, பாதியில் நிறுத்தினார்.

"யாரும்மா அது?"

"தெரிஞ்சா உங்ககிட்ட ஏங்க சொல்றேன்? போலீஸ்ல சொல்லியிருக்க மாட்டேனா?"

பக்கத்து நாற்காலியில் இருந்த அவள் புருஷன் தங்கையன், மேலே ஓடிய மின்விசிறியை மிகுந்த அக்கறையோடு பார்த்தார்.

விஷயம் இதுதான். அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு, முறை வரும்வரை தங்கையன் அங்கேயே ஐந்து ராத்திரி காவல் கிடந்தார். முதல் நாள் விடிந்ததும் எதிர்வீட்டு இசைவாணி வந்து, "அண்ணன் வந்துட்டாங்களா அண்ணி? ராத்திரி குறட்டை தெருவையே தூக்குச்சே. அங்க நெல்ல யாரு பாத்துக்குறா?" என்று கேட்டாள்.

அம்சவல்லி நேராகப் பூட்டுக் கடைக்குப் போனாள். அன்றைக்கு இரண்டு பூட்டுப் போட்டாள். மூன்றாம் நாள் பீரோவை நகர்த்திக் கதவில் அண்டக் கொடுத்தாள். அப்படியும் விடிந்தால் இசைவாணி குறட்டைக் கணக்குச் சொன்னாள்; அவன் வந்துகொண்டுதான் இருந்தான். பூட்டும் உடையவில்லை, ஒரு ஸ்பூன்கூடக் காணாமல் போகவில்லை. தூங்குவதற்கென்றே வருகிற திருடனை அவள் கேள்விப்பட்டதே இல்லை.

அந்தத் தெருவில் குறட்டை என்றால் அது தங்கையன் பேரில் பட்டா ஆனது. கல்யாணமான மறுநாள் காலையிலேயே, "ராத்திரி யாரு அது?" என்று மாமியார் முகம் சுளித்தபோது, "நாந்தாம்மா" என்று அவரே ஒப்புக்கொண்டார். அதிலிருந்து முப்பத்தோரு வருஷமாக அம்சவல்லி அவரை ஊரெல்லாம் திட்டித் தீர்க்கிறாள். காலையில் தலை வலிக்கிறதா, களை எடுக்கப் போன இடத்தில் வரப்பிலேயே கண் சொக்குகிறதா, எல்லாம் அந்த மனுஷன் குறட்டையால்தான். அந்தக் குறட்டையை அவள் ஒருநாளும் காதால் கேட்டதில்லை. எப்படிக் கேட்பாள், படுத்தால் கட்டை மாதிரி தூங்குகிறவள்.

பிரஷர் நூற்றெண்பது காட்டியது. எட்டு வருஷமாக மாத்திரையைக் கூட்டிக்கொண்டே வந்தும் இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. இப்படியே போனால் ரத்தக்குழாய் வெயிலில் கிடந்த ஹோஸ் மாதிரி விறைத்துப்போகும், ஒருநாள் அடைக்கும், இல்லையென்றால் வெடிக்கும் என்று சொல்லிக்கொண்டே டாக்டர் எழுதினார். அம்சவல்லிக்குப் பயமாக இருந்தது. பயந்துகொண்டேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்து அவள் கண்ணைத் திறந்தபோது டாக்டர், நர்ஸ், வாசலில் டோக்கனோடு நின்றவர்கள் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கையனின் கை அவள் தோளில் இருந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஏங்க, டாக்டர் முன்னாடியுமா குறட்டை?" என்று அவரைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

யாரும் சிரிக்கவில்லை.

"குறட்டை நின்னு மூச்சும் நின்னுபோகுதே, வீட்டுல இப்படி ஆனா என்ன பண்ணுவீங்க?" டாக்டர் தங்கையனைத்தான் கேட்டார்.

"பத்து எண்ணுவேங்க. அதுக்குள்ள வரலன்னா தோள்ல ஒரு தட்டு. வந்துரும்."

"குறட்டை இவங்களோடதுன்னு ஏன் சொல்லல? பிரஷர் இறங்காததே இதனாலதான். ராத்திரி தூக்கம் எப்படின்னு எட்டு வருஷமா கேட்டுக்கிட்டே இருக்கேன்."

"எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா இவள ஏதாச்சும் பேசுவாங்கன்னுதாங்க."

"அவங்க எங்க?"

"செத்து இருபது வருஷம் ஆச்சுங்க."

அம்சவல்லிக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் செய்வது என்று தெரியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். காவலுக்குப் போய் வந்ததிலிருந்து அவர் முகம் தெளிந்து, கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பெல்லாம் மறைந்திருந்ததை அப்போதுதான் கவனித்தாள்.

"அப்ப அந்த அஞ்சு ராத்திரி இவங்கள யாரு தட்டுனா?" என்றார் டாக்டர்.

தங்கையன் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நான் நல்லாத் தூங்கிட்டேன் டாக்டர்."